உட்காராத நட்டு

நட்டு உட்காரவில்லை. கணக்கு வாத்தியார் மூன்றாவது தடவையாகத் திருகிப் பார்த்தார். புது ஷாக் இன்சர்ட், குழாய்க்கு மேலே ஓர் அங்குலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த சக்கரத்திலும் அதே கதை.

விஷயம் எளிமையானதுதான். அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் ஓர் இரும்புக் குழாய் நிற்கும். அது பேனா என்றால், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் இன்சர்ட் அதற்குள் போகும் ரீஃபில். பேனாவை விட்டுவிட்டு ரீஃபிலை மட்டும் மாற்றலாம். நீளம் குறைந்தால் அடியில் ஒரு வளையம் போட்டுச் சமாளிக்கலாம். கூடினால் மூட முடியாது. நட்டுதான் மூடி.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூடியாக வேண்டும். கடைசியாக இந்தக் காரில் போய்வந்த பிறகு, மூன்று நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள் மனைவி. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, ஞாயிறன்று தங்கை வீடு வரைக்கும் வருவாள். அப்போதும் தூக்கிப் போட்டால், ரொம்ப நாளாக அதன்மேல் கண் வைத்திருக்கும் தெருமுனைப் பல் டாக்டருக்குக் கார் போய்விடும்.

ஆர்டர் கொடுத்தபோதே கடைக்காரர் தயங்கினார்.

"இந்த மாடலுக்குப் பதினாலு இஞ்ச்தான் சார் வரும். புக்லயே போட்டிருக்கு."

"புக்ல அச்சுப்பிழையா இருக்கும். நான் குழாய்க்குள்ள டேப்பை விட்டு அளந்தேன். பதினஞ்சு."

வாத்தியாரின் இரும்பு ஸ்கேல் ஓரடிதான். அதனால் மனைவியின் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து அளந்துவிட்டு, திட்டு விழாதபடி பழையபடியே சுருட்டி வைத்திருந்தார். இப்போதும் அதை எடுத்து வந்து, பித்தளை முனையை இன்சர்ட்டின் அடியில் பொருத்தி, மேலே பார்த்தார். பதினாறு.

உடனே கடைக்காரருக்குப் போன் போட்டார். "பதினஞ்சு கேட்டா பதினாறு அனுப்பியிருக்கீங்க."

"பதினஞ்சுதான் சார் அனுப்பினோம்."

"நான் இருபத்தெட்டு வருஷமா கணக்குச் சொல்லித் தரேன்."

"அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?"

சொல்லிச் செய்த சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

வாத்தியார் இன்சர்ட்டைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், அடியில் ஓர் அங்குலம் அறுத்துத் தரச் சொன்னார். லேத்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"உள்ள கேஸ் அடைச்சிருக்கு வாத்தியாரே. அறுத்தா இது குறையாது, நாம ரெண்டு பேரும் குறைஞ்சிடுவோம்."

ரீஃபிலை வெட்ட முடியாவிட்டால் பேனாவை நீட்டலாம். வாத்தியார் கழற்றிக் கொண்டுவந்த இரண்டு குழாய்களின் தலையிலும் லேத்காரர் ஓர் அங்குல வளையத்தை வெல்டிங் செய்து, மரை போட்டுக் கொடுத்தார். நட்டு சமர்த்தாக உட்கார்ந்தது. வாத்தியார் அதைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் குழாய் ஓர் அங்குலம் வளர்ந்தால், சக்கரம் மேலே ஏறி இறங்க இருக்கும் இடம் ஓர் அங்குலம் குறையும். பள்ளத்தில் விழுந்த சக்கரம் மெத்தென்று எழும்பாமல் இரும்பில் போய் முட்டும். இது ஞாயிறன்று முதல் வேகத்தடையில்தான் வாத்தியாருக்குப் புரிந்தது. இரண்டாவதில் மனைவியின் தலை கூரையில் இடித்தது. மூன்றாவதற்கு முன்பே அவள் கதவில் கை வைத்தாள்.

"நிறுத்துங்க. நான் நடந்தே போய்க்கிறேன்."

அன்று சாயங்காலமே டாக்டர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை டங், டங் என்று கேட்டது.

மறுநாள் வாத்தியார் ஜன்னலோரம் விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். வெளியே காலி ஷெட். ஒரே தாளை நாலாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் சட்டை தைக்க வந்த பெண்ணுக்கு மனைவி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அக்கா, முதல் இஞ்ச் பிஞ்சு போய், நீங்க முனையை மாத்தி அடிச்ச டேப்தானே இது? போன தடவை மாதிரி மறந்துடாம ஒண்ணு கழிச்சு எழுதுங்க."