தொம்மலூர் ஷவரும் மரகதம் அக்காவின் நீலப் பையும்

தொம்மலூர், பெங்களூர்
21-4-2002

சிரஞ்சீவி அஷ்வினுக்கு எத்திராஜ் மாமா சகல சௌபாக்கியமும் கோரி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் க்ஷேமம். என் முதுகின் நிலைமை பற்றித் தனியே சொல்கிறேன். அவ்விடம் பூனாவில் உன் வேலையும் வயிறும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று எழுதவும்.

முந்தாநாள் போனில், "மாமா, அம்மா ஏன் குடியாத்தம் திரும்பிப் போறேன்றாங்க? உங்களுக்குள்ள சண்டையா?" என்று கேட்டாய். உன் அம்மா போனுக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால், "லைன் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டேன். லைனுக்கு ஒரு கேடும் இல்லை. ஆகவே இந்தக் கடிதம். முப்பத்து மூன்று வருஷ சர்க்கார் சேவை சாட்சியாக முதலிலேயே ஒரு சத்தியம் செய்துவிடுகிறேன்: இதை நீ நம்ப மாட்டாய். உன் ஆபீஸில் உரக்கப் படித்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

உன் அப்பா போன பிறகு அக்கா அங்கே தனியாகக் கிடக்கக் கூடாது, என்னோடேயே தங்கிவிட வேண்டும் என்று நாமிருவரும் சதி செய்து ஜனவரியில் அழைத்து வந்தோம் அல்லவா? எல்லாம் ராஜபோகமாகத்தான் நடந்தது. கல்யாணமே பண்ணிக்கொள்ளாத எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு. அக்காவுக்குத் திட்ட ஒரு தம்பி. போன திங்கட்கிழமை காலை காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "எத்தி, நான் ஊருக்குப் போறேன்டா" என்றாள். ஏன்க்கா என்றேன். "ஒண்ணுமில்ல. இந்த ஊரு தண்ணி ஒத்துக்கல." அவ்வளவுதான். அன்றைக்கே அவளுடைய நீலப் பை கட்டிலடியிலிருந்து புறப்பட்டு வாசற்கதவோரம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் போகும்போதும் வரும்போதும் அது என்னை முறைக்கிறது.

என் வீட்டுத் தண்ணீரா ஒத்துக்கொள்ளவில்லை? மொட்டைமாடியில் சூரிய பகவானையே வேலைக்கு வைத்து சோலார் ஹீட்டர் போட்டிருக்கிறேனே! துண்டைக் கட்டிக்கொண்டு, நானே ஷவருக்கு அடியில் போய் நின்றேன். அடேயப்பா! உள்ளே போகும்போது மாநிறம், வெளியே வரும்போது முதுகு முழுக்க வெந்த பீட்ரூட். சோப்பு பாயசமாகிக் கால்வாயில் போய்விட்டது. வென்டிலேட்டர் வழியாகப் போன ஆவியில் பக்கத்து வீட்டு மாம்பிஞ்சுகள் அன்று மத்தியானமே பழுத்தன. அணில்கள் ஊதி ஊதித் தின்றன. விஞ்ஞான சோதனையாக ஒருபடி புழுங்கலரிசியைத் துணியில் முடிந்து ஷவரில் தொங்கவிட்டேன். எட்டாவது நிமிஷம் சாதம், ஒன்பதாவது நிமிஷம் குழைந்துவிட்டது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திருகினால் அது பெருமூச்சு மட்டும் விட்டது, ஒரு சொட்டு வரவில்லை.

பிளம்பர் ஷங்கரைக் கூப்பிட்டேன். தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாயில் போட்டு மெல்லுகிறவன். வந்தான், தட்டினான், காதை வைத்துக் கேட்டான். "சார், மிக்ஸர் ஹோகிபிட்டிது சார். மாத்தணும்" என்றான். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் அந்தக் குழாயை மாற்றினோம். புது மிக்ஸரும் பெருமூச்சு விட்டது. "சொல்ப மேல போய் டேங்க்ல வால்வு பாக்கலாமா சார்?" என்று கேட்டான் பார், எனக்கு வந்ததே கோபம்! அஷ்வின், காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இந்த ஊரில், ரிட்டயரான ஆம்பிளைக்குச் சர்க்கார் கொடுக்காத உத்தியோகம் ஒன்று உண்டு, அதுதான் வால்வு பார்ப்பது. எங்கள் டேங்க் ஏணியில் என்னைத் தவிர காக்காய்கூட என் அனுமதியோடுதான் ஏறும். "வால்வு என் டிபார்ட்மென்ட். நீ கீழ வேலையப் பாரு" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப தப்பு சூரியன் மேலதான் சார். மூடிடுங்க" என்று சொல்லிப் போய்விட்டான்.

மூடினேன். என் டபுள் கட்டில் பெட்ஷீட்டை எடுத்துப் போய் சூரியனுக்கும் ஹீட்டருக்கும் நடுவே திரை கட்டினேன். கிரகண காலம் என்று நினைத்துத் தெருவில் நாலு பேர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம் ஒரு புயல். பெட்ஷீட் பறந்து, பீன்யாவரை போய் ஃபேக்டரிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, டேங்க் பக்கத்தில் எதிலோ மாட்டிக்கொண்டு படபடத்தது. மாடியில் குடியிருக்கும் மௌரீன் டீச்சர் துணி எடுக்கப் போனவர், நான் தடுப்பதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். அங்கிருந்தே தெருவுக்குக் கேட்கிற மாதிரி:

"அங்க்கிள்! உங்க பெட்ஷீட் ஒரு செகப்பு வால்வுல மாட்டியிருக்கு. இத யாரு மூடி வெச்சது? கீழ் பாத்ரூமுக்குப் பச்சத் தண்ணியே போகாதே!"

வெறும் வெந்நீர் மட்டும் வந்தால் சுடாமல் என்ன செய்யும்? யார் மூடியது என்று மூவரும் கூடி ஆலோசித்தோம். இது குரங்கின் வேலை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பயிற்சி பெற்ற குரங்கு. அக்கா கீரைக்கட்டை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா எத்தி, அந்தக் கொரங்கு ரிட்டயர் ஆயிடுச்சா, இன்னும் சர்வீஸ்ல இருக்குதா?"

நான் ஏணியில் ஏறினேன். வால்வைத் திறந்தேன். மறுநாள் காலை அக்கா குளிக்கப் போனாள். முக்கால் மணி நேரம்! வெளியே வந்தவள் இருபது வயது குறைந்து வந்தாள். நீலப் பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பரண் மேல் வீசினாள், வீடு அதிர்ந்தது. ஆகவே நீ கவலையை விடு. நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பலகாரம் குறை. உனக்கு எல்லா நலமும் கூடிவர, ஆறின மனதோடும் ஆறாத முதுகோடும் ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
எத்திராஜ்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "கொழந்த பயந்துக்குவான். நெசத்த எழுது" என்கிறாள். எழுதுகிறேன். குரங்கு கிடையாது. அணில், அரிசி, கிரகணம் எதுவும் கிடையாது. பெட்ஷீட் பீன்யா போகவில்லை. அந்த ஷவருக்கு அடியில் நான் நிற்கவே இல்லை, விரலை நீட்டியதோடு சரி. மூன்று மாதமாகத் தினமும் காலையில் குளியலறையில் இளஞ்சூடாக ஒரு பக்கெட் தண்ணீர் எனக்காக இருக்கும். "பாத்தியாக்கா என் சோலார? பதமான சூடு!" என்று பீற்றிக்கொண்டே குளித்தேன். சாயங்காலமே வெந்நீரை இரண்டு பக்கெட் பிடித்து ஆறவைத்தது அக்கா. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. வால்வை மூடியதும் நான்தான். அவள் வந்த வாரம், வீட்டில் ஓர் ஆள் கூடிவிட்டதே, டேங்க் சீக்கிரம் காலியாகிவிடுமே என்று மூடினேன்; அப்புறம் மறந்தே போனேன். ஏன்க்கா என்னிடம் சொல்லவில்லை என்றேன். "தம்பி வூட்ல வந்து உக்காந்துகிட்டு தண்ணி சுடுதுன்னு எப்பிட்றா சொல்றது?" என்றாள்.

பையை அவள் வீசவும் இல்லை. ஆனால் பை பரண் மேல் ஏறியது, அது ஒன்று மட்டும் நிஜம். ஸ்டூலில் ஏறியவன் நான், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவள் அவள். "இன்னும் உள்ள தள்ளுடா" என்றாள். கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டேன்.