கட்டார் பாங்குக்கு மாற்றிய பை

அலுவிகாரை, மாத்தளை,
வியாழக்கிழமை.

அன்புத் தங்கை நிப்லாவுக்கு நானா புஹாரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். யட்டவத்தயில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். நானும் சுகம். இரண்டு கிட்னியையும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், நீ நம்பத்தான் வேண்டும்.

உன் ஸ்கேன் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வாப்பாவுக்கும் எனக்கும் வந்த நீர்க்கட்டி உன் கிட்னியிலும் இருக்குமோ என்று போனில் அழுகிறாய், நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். இருந்தால்தான் என்ன? என்னைப் பார். என் தொந்தியைப் பார்த்து "மொதலாளிக்கு பிரியாணி நல்லா ஒட்டியிருக்கு" என்று ஊரே சிரித்ததே, அத்தனையும் கட்டி. இரண்டையும் வெட்டி எடுத்த பிறகு சாரன் இடுப்பில் நிற்கவில்லை, ஜும்ஆவுக்கு ஒரு கையால் பிடித்துக்கொண்டே போகிறேன்.

வெட்டின காயம் ஆறும்வரை வாரத்தில் மூன்று நாள் கண்டிக்குப் போய் மெசினில் படுத்தேன். அது ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பித் தரும், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் போன நாள் போனதுதான், மிளகுக் கடையைப் பூனை பார்த்துக்கொண்டது. ஆறின பிறகு டாக்டர், "இனி உள்ளே இடமிருக்கு, வீட்டிலயே செய்யலாம்" என்று வயிற்றில் டியூப் வைத்தார். எல்லார் வயிற்றுக்கும் இது சரிவராதாம். பழைய தண்ணீரை வடித்துவிட்டு, பையிலிருக்கும் புது மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், நாளைக்கு நாலு தரம். உன் மதினி ஜுனைதா பள்ளிவாசல் பாங்கை வச்சுத்தான் பை மாத்துவா. ஒருநாள் பகல் லுஹர் பையை மாத்திட்டுக் கண்ணயர்றேன், பாங்கு கேட்குது. பின்னேரத்து அஸர் வந்திட்டுதுன்னு ஃபேனை நிப்பாட்டினா, ஜன்னலைச் சாத்தினா, நோய் பார்க்க வந்தவங்களைச் சோத்துத் தட்டோட வெளியே அனுப்பினா, மாஸ்க் போட்டு, கையைத் தேய்ச்சுக் கழுவி, பையையும் மாத்திட்டா. அதுக்குப் பிறகுதான் நம்ம பள்ளியில அஸருக்குப் பாங்கு சொல்றாங்க. முந்திக் கேட்டது பக்கத்து வீட்டு றிகாஸோட போன். ஆள் கட்டாரிலிருந்து வந்திட்டான், போன் இன்னும் வரல்ல, அந்த ஊர் லுஹருக்குக் கத்துது. ஜுனைதா உடனே ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸுக்கு போன் போட்டா. "பயப்பட ஒண்ணுமில்ல. வயிறு மாத்தளையிலதானே இருக்கு, இனி மணியைப் பார்த்து மாத்துங்க"ன்னாங்க.

ஆகவே தங்கச்சி, பயப்படாதே. பை ஒரு பாரமே இல்லை. மௌத்தாகும்வரை இதோடு சந்தோஷமாக இருப்பேன், வேறொன்றும் எனக்கு வேண்டாம். மச்சானுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். றப்பு உங்கள் எல்லோரையும் காப்பானாக.

உன் நானா,
புஹாரி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதே உன் மகள் எனக்கு போன் எடுத்தாள். உன் கிட்னி இரண்டும் சுத்தமாம். அல்ஹம்துலில்லாஹ். கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வாங்க வந்தவர் மிளகு விலை விழுந்துவிட்டதாக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நானாவுக்கு ஒன்று கொடுத்தே தீருவேன் என்று நீ ஒற்றைக் காலில் நிற்பதாகவும் சொன்னாள். டாக்டர் சரி சொல்லணும், மச்சானும் சரி சொல்லணும். ஆனா நிப்லா, பையைப் பத்தி மேலே எழுதினதை நம்பிடாதே. பெரிய கரைச்சல் அது.