ஆவூர்ப் பக்கத்துக் கடிகாரங்களும் மீனா மேடத்தின் கணக்கும்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு மணி பார்க்கத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன்தான். ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று நிமிஷம் பிசகாமல் சொல்வேன். அந்தத் திறமையை வைத்துத்தான் ஒரு படித்த பெண்ணை நான்கு நாள் தூங்கவிடாமல் செய்தேன்.

மீனா மேடம் கோயம்புத்தூர்க்காரர். மருந்து ஆராய்ச்சிக்காக நம் பக்கம் வந்தார். ஒரே மாத்திரை ஒவ்வொருவர் இரத்தத்திலும் எவ்வளவு வேகமாக ஏறி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து, எல்லோருக்கும் சேர்த்து கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் போட வேண்டும். நம் ஊர் ஒல்லி உடம்புக்கு எவ்வளவு மருந்து போதும் என்பது அதில்தான் தெரியவரும்.

அவரிடம் எனக்குக் கிடைத்த வேலை எளிது. காலையில் ஆவூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைத்து, நேரத்தை எழுத வேண்டும். பின்னாலேயே நர்ஸ் வந்து இரத்தம் எடுத்து, தன் போனைப் பார்த்து நேரம் எழுதுவார்.

நானும் போனைப் பார்த்திருக்கலாம். கண்ணாடி போட்டால் வயசாகித் தெரியும் என்று (அப்போதே பாதித் தலை நரை) போடாமல் திரிந்த காலம். போன் எழுத்து தெரியாது. சுவர்க் கடிகாரம் பெரிதாகத் தெரிந்தது. பார்த்துப் பார்த்து எழுதினேன். எட்டு பதினேழை எட்டேகால் என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்காது.

நம் பக்கம் எந்த வீட்டில் கடிகாரம் சரியாக ஓடுகிறது? பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று எல்லோரும் முன்னே தள்ளி வைத்திருக்கிறோம். நம் வீட்டில் கால் மணி. அதைத் தினமும் கழித்துப் பார்க்கிறவனுக்கு, அடுத்த வீட்டுச் சுவரில் அது உறைக்கவில்லை.

அடுத்த மாதம் மேடம் என்னைப் புதுக்கோட்டைக்குக் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணே, அந்தோணியம்மா எட்டு இருபத்தஞ்சுக்குத்தான் மாத்திரை போட்டாங்களா?"

"ஆமாங்க மேடம். நான்தானே தண்ணி மோந்து குடுத்தேன்."

"எட்டு இருபதுக்கு எடுத்த ரத்தத்துல மருந்து இருக்கே!"

"அவுங்க ரொம்பப் பக்தியான ஆளுங்க," என்றேன். (உண்மையிலேயே வேறு காரணம் தோன்றவில்லை.)

மேடம் சிரிக்கவில்லை. நான்கு நாளாகக் கணக்கு ஓரிடத்தில் வந்து நிற்கவே மாட்டேன் என்கிறதாம். ஆளுக்கு ஆள் மாறும் வித்தியாசத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ரேண்டம் எஃபெக்ட். அவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தாராம். ஆரம்ப எண்களை மாற்றிப் பார்த்தாராம். மருந்து ஏறும் வேகத்தில் மட்டும் ஆவூர்ப் பக்கத்து ஆட்கள் தறிகெட்டு நிற்கிறார்களாம். அதிலும் ஒரே வீட்டு ஆட்கள் ஒரே மாதிரி.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா ஆவூர்ப் பக்கத்து டேட்டா பூராத்தையும் தூக்கிடச் சொல்லிட்டாரு எங்க சாரு."

என்னை நம்பிக் கை நீட்டினவர்கள் அவர்கள். அத்தனை பேர் இரத்தமும் வீண்.

"நேரத்த எதைப் பாத்துண்ணே எழுதுனீங்க?"

சொன்னேன். மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் வேலை போயிற்று என்று எழுந்தேன். அவரோ, "உக்காருங்கண்ணே, டீ சொல்றேன்," என்றார்.

மறுநாள் உங்கள் அம்மாவின் ரோஸ் கலர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸில் கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் கடிகாரத்துப் பக்கத்தில் போனைப் பிடித்து வித்தியாசத்தை எழுதினேன்.

"என்ன தம்பி, எங்க ரத்தம் பத்தலேன்னு கெடியாரத்துக்கும் ஊசி போட வந்தியா?" என்றார் அந்தோணியம்மா. அவர் வீட்டில் அரை மணி முன்னே. அடுத்த வீட்டில் பதிமூன்று நிமிஷம். சவரிமுத்து அண்ணன் வீட்டில் இருபத்திரண்டு. இடையில் முள்ளைத் திருப்பினோம் என்று சொன்ன இரண்டு வீட்டை மேடம் நேர்மையாக ஒதுக்கிவிட்டார்.

வியாழன் மதியம் திருத்திய நேரங்களைப் போட்டு, முன்பு நீக்கிய ரேண்டம் எஃபெக்ட்டுகளையும் திரும்ப வைத்து ஓட்டினார். நான் சுவரோரம் நின்று மாதாவை வேண்டினேன். கணக்கு ஓரிடத்தில் வந்து நின்றது.

"நீங்க நிமிஷத்தக் கூடக் கொறைய எழுதாம, பாத்தத அப்படியே எழுதுனதாலதாண்ணே திருத்த முடிஞ்சுச்சு," என்றார். தவறு செய்தவனிடமும் ஒரு நல்லதைத் தேடி எடுத்துக் கொடுத்த அந்தப் பெண்ணை இன்றும் ஜெபத்தில் நினைக்கிறேன்.

சவரிமுத்து அண்ணன் மட்டும் மன்னிக்கவில்லை. நான் வந்து பார்த்துப் போன வெட்கத்தில் கடிகாரத்தைச் சரியாக வைத்து, மறுநாள் கீரனூர் பஸ்ஸைத் தவறவிட்டு, அக்கா பேத்தி காதுகுத்துக்குப் பந்தி முடிந்தபின் போய்ச் சேர்ந்தாராம்.

உங்கள் அம்மாவோ, நான் சந்தையிலிருந்து எப்போது நேரங்கழித்து வந்தாலும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வது நீங்கள் அறிந்ததுதான்: "சோத்தப் போட்டுச் சாப்புடுங்க புள்ளைகளா. ஒங்கப்பாவுக்கு இன்னைக்கி ரேண்டம் எஃபெக்ட் கூடிப்போச்சு."