பச்சைப் புள்ளி

இந்தப் புரட்டாசியில் கறி தின்றே தீருவது என்று முடிவெடுத்தேன். கோழிக்காகக் கோழையும் வீரனாவான்.

சிவகாசி அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கிறவன் நான். தீபாவளி சீசன். பகலெல்லாம் பட்டாசு லேபிளில் பிழை தேடிக் கண் எரிய வீட்டுக்கு வந்தால், தட்டில் பூசணிக்காய். புரட்டாசி முடியும்வரை வீட்டுக்குள் முட்டைகூட வரக்கூடாது என்பது என் மனைவி அருணாதேவியின் சட்டம். பதினெட்டு நாளாகப் பூசணிக்காய். அலுத்துப் போனேன்.

காரமான கோழி சாசேஜ் வாங்கினேன். ஒரு டப்பாவில் கொட்டி, எங்கள் அச்சகத்தில் அடித்த ‘சோயா சாசேஜ்’ லேபிளை, சைவத்துக்கான பச்சைப் புள்ளியோடு டப்பாமேல் ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். அருணாவுக்குச் சோயா ஆகாது, தொடமாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். கோழியைப் பூசணிக்காயில் மறைக்கலாமே!

ஞாயிற்றுக்கிழமை நானே அடுப்படியில் நின்றேன். இரும்புச் சட்டியில் வெங்காயம், பூசணித் துண்டு, வட்டமாக நறுக்கிய சாசேஜ், மிளகாய்த்தூள். ஓரம் முறுகும்வரை புரட்டினேன். புரட்டாசியில் புரட்டு! உப்புக்கூடப் பார்க்கவில்லை. முதல் வாயை உட்கார்ந்து தின்ன ஆசை.

“வாசம் ஆளத் தூக்குதே. என்ன போட்டீக?” அருணா எட்டிப் பார்த்தாள்.

“சோயா. டப்பாவப் பாரு, பச்சைப் புள்ளி.”

“பாத்தேன், பாத்தேன். பாண்டிலட்சுமியக்காவுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வந்துருதேன்.”

பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி மாதம் பிறந்ததிலிருந்து விரதம். அவள் வாயில் கோழியா!

“அவுகளுக்கு எதுக்கு? காரம் சாஸ்தி.”

“விரதக்காரி சோயா தின்னா என்ன குத்தம்?”

கிண்ணத்தோடு வாசலைத் தாண்டிவிட்டாள்.

“ஏ அருணா! நில்லு! அது கோழி!”

நின்றாள்.

“லேபிள்தான் சோயா. நான்தான் ஒட்டுனேன்.”

“செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிடுதீகளா?”

“ஒத்துக்கிடுதேன். மன்னிச்சிரு.”

“அப்ப தீபாவளி வரைக்கும் அடுப்படி உங்களுது.”

தலையாட்டினேன். அவள் மறுபடியும் பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள்.

“ஏய், கோழின்னு சொல்லுதேன்ல!”

“கோழி நேத்தே தெரு நாய்க்குப் போயிருச்சு. லேபிள்ல பசை காயல, பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. டப்பாவுல நான் மாத்தி வச்சது சோயாதான்.”

இருபது வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். பிழையே இல்லாத ஒரு லேபிளுக்கு அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன்.