திரையடிகளின் அப்டேட் பீடை

லாண்டரிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரு மகான் அவதரித்துவிட்டார். கீழே துணி வெளுக்கிறார்கள். மேலே இவர் டேப்லெட் வெளுக்கிறார். காலை எட்டு மணிக்கே மாடிப்படி நிறைந்து, வரிசையின் வால் தெருமுனை மருந்துக்கடை வரை நீள்கிறது. நிற்பவர்கள் எழுத்தறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடிட்டர் நிற்கிறார், வக்கீல் நிற்கிறார், மின்சாரப் பாடம் நடத்துகிற இயற்பியல் வாத்தியார் நிற்கிறார். வாத்தியார் மட்டும் முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த அளவுக்காவது படிப்பு மிச்சமிருந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் டேப்லெட்டுகளுக்கு ஒரு புது அப்டேட் வந்தது. போட்ட மறுநாளே திரை மந்தமாகிவிட்டது. நாலு தரம் குத்தினால் ஒரு தரம் அசையும். அதுவும் பக்கத்துப் பொத்தான். பழுது என்றால் பழுது பார்க்க வேண்டும். திரையடிகள் இருக்கும்போது அப்படியெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்? நேற்றுவரை கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தவர், ஒரே மாதத்தில் அடிகளாகிவிட்டார். அப்டேட்டோடு சேர்ந்து ஒரு பீடையும் இறங்கிவிட்டது, கண்ணாடிக்கு அடியில் உட்கார்ந்து விரலைத் தடுப்பது அதுதான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

வைத்தியமும் எளிது. டேப்லெட்டை வாங்கிக்கொண்டு கறுப்புப் படுதாவுக்குப் பின்னால் போவார். மூன்று நிமிடம் முணுமுணுப்பு. வெளியே வந்தால் திரை சொன்ன பேச்சு கேட்கும். உடனே மந்திரித்த காப்புத்தாள் ஒன்றை அதன்மேல் ஒட்டுவார். தாளை உரிக்கக் கூடாது, டேப்லெட்டை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது, அணைத்தால் பீடை உள்ளேயே குடியேறிவிடும் என்று எச்சரித்து அனுப்புவார். பத்து நாளில் திரை மறுபடி மந்தமாகும். மறுபடி வரிசை, மறுபடி காணிக்கை, பழைய தாளின் மேலேயே இன்னொரு தாள். ஊரில் பாதி வீடுகளில் டேப்லெட்டுகள் ஒரு மாதமாகக் கண்மூடாமல் எரிந்துகொண்டிருந்தன.

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த வரிசையில் ஒரு தையற்காரியும் நின்றாள், எட்டு வயது மகளோடு. குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு வராது. டேப்லெட்டில் படங்களைத் தொடுவாள், அது அவளுக்காகப் பேசும். பசி, தூக்கம், கோபம் எல்லாம் அதன் வழியாகத்தான். திரை மந்தமானதும், தண்ணீரைத் தொட்டால் பென்சில் என்றது. அடிகளிடம் மூன்று தரம் போய் வந்தும் மறுபடி அதே கதை. தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை தொடுவதையே விட்டுவிட்டாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் நேர்முகம். தலைமையாசிரியை கேட்பதற்கு அவள் பதில் சொன்னால்தான் இடம். ஒரு குழந்தையின் பேச்சில் கைவைத்துப் பிழைக்கிறவனை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தாள் குழந்தையின் அத்தை. ஊரின் மறுகோடியில் செல்போன் கடையில் விற்பனைக்கு நிற்பவள். கதையைக் கேட்டாள், டேப்லெட்டைத் திருப்பிப் பார்த்தாள், அணைக்கிற பொத்தானில் விரல் வைத்தாள். தையற்காரி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அணைச்சா இவ பேச்சு திரும்ப வரவே வராதுன்னு அடிகள் சொல்லியிருக்காரு. நீ பாட்டுக்கு அணைச்சிட்டுப் போயிடுவ. அப்புறம் நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

"சரி அண்ணி, நான் தொடல. காலையில நானும் வரேன். அவரையே கேட்டுடுவோம்."

புதன்கிழமை மூவரும் வரிசையில் நின்று மேலே போனார்கள். அத்தை தன் பையிலிருந்து உறைபோட்ட வேறொரு டேப்லெட்டை எடுத்து நீட்டினாள். இதுவும் அசையவில்லை, கையில் வாங்குவதற்கு முன்னால் குறையைச் சொல்லுங்கள் என்றாள். கூட்டம் பார்க்கிறது, அடிகளுக்கு இதைவிட நல்ல மேடை வேண்டுமா? கண்ணை மூடினார். உள்ளங்கையை உறைக்கு மேலே ஆட்டினார்.

"போன மாச அப்டேட்டுல இறங்கியிருக்கு. ஒண்ணு இல்ல, மூணு பீடை. பேட்டரிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. மூச்சு விடறது எனக்குக் கேக்குது."

ஆடிட்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை உறையைக் கழற்றி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டேப்லெட் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளாகப் பிரிந்தது. உள்ளே ஓர் இரும்புத் தகடு. வேறொன்றும் இல்லை.

"இது எங்க கடை ஷோகேஸ்ல வைக்கிற பொம்மை. பேட்டரி கிடையாது, அப்டேட்டும் கிடையாது. எடைக்காகத் தகடு வச்சிருக்காங்க. மூணு பேரும் எங்க உக்காந்திருக்காங்கன்னு கொஞ்சம் காட்டுங்க."

நம்பிக்கை இல்லாதவர்கள் வந்தால் பீடை ஓடி ஒளிந்துகொள்ளும் என்று அடிகள் விளக்கினார். வக்கீல் அதற்கும் தலையாட்டினார், தொழில் பழக்கம். தையற்காரி ஆட்டவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளின் டேப்லெட்டை நாத்தனாரிடம் நீட்டினாள்.

"உரி," என்றாள்.

ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று தாள்கள் உரிந்து வந்தன, மூன்றும் சேர்ந்து அட்டை கனம். அத்தை பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை இருண்டது. தையற்காரி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

திரை ஒளிர்ந்தது. குழந்தை தயங்கித் தயங்கி விரலை நீட்டினாள். ஒரு படம், இன்னொரு படம், பிறகு மளமளவென்று நாலைந்து. படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி டேப்லெட் பேசியது:

"அம்மா. கால் வலிக்குது. இனிமே நிக்க முடியல. வீட்டுக்குப் போகலாம்."

தையற்காரி படியிலேயே உட்கார்ந்து, அந்தக் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள்.

அடிகள் படுதாவுக்குப் பின்னால் மூன்று நிமிடம் செய்ததும் இந்த அணைத்துப் போடுகிற வேலைதான், நாள்கணக்கில் அணைக்காமல் விட்டதாலும் தாள்மேல் தாள் ஒட்டியதாலும்தான் திரை மறுபடி மந்தமானது என்று அத்தை சொன்னாள். அவர் மறுக்கவில்லை, மறுப்பதற்கு ஆள் அங்கே இல்லை. படுதாவை விலக்கிப் பார்த்தபோது காப்புத்தாள் பெட்டியும் திறந்து கிடந்த பின்கதவும்தான் இருந்தன. பெட்டியின் மேல் ஒரு கம்பெனி சீட்டு: திரை கீறாமலிருக்க, ஒன்று மட்டும் ஒட்டவும். வாத்தியார் குடையை மடக்கிவிட்டுத் தன் டேப்லெட்டை அணைத்துப் போட்டார். அடுத்தது யாரிடம் போவது என்று ஆடிட்டர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை குழந்தை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், இடம் கிடைத்துவிட்டது. அவளால் பேச முடியாது, ஆனாலும் பேச வழி கிடைத்த நொடியிலேயே உண்மையைச் சொன்னாள். ஒரு மாதமாக அந்தப் படியில் நின்ற மற்ற எல்லோருக்கும் வாய் இருந்தது. ஒருவராவது, "படுதாவுக்குப் பின்னால என்ன பண்றீங்க?" என்று கேட்டீர்களா?