பாய்லர் முள் இறங்கின காரணம்

தூத்துக்குடித் துறைமுக அதிகாரியின் பங்களாவில், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. பங்களாவுக்குப் படம் போட்டவர் ஏதோ பனி பெய்கிற சீமையில் உட்கார்ந்து போட்டார். படத்தில் உள்ளதை மாற்ற இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பின்கட்டில் ஒரு பாய்லரும், அறைதோறும் வெந்நீர் ஓடும் குழாய்களும், குழாய் முடியும் இடத்தில் ரேடியேட்டர் என்ற இரும்புப் பெட்டியும் முறைப்படி வந்து சேர்ந்தன. குடியிருந்த வெள்ளைக்காரத் துரைகள் ஒருவர்கூட அதைப் பற்றவைத்ததில்லை. அவர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியும்.

நாற்பத்தேழில் கடைசித் துரை கப்பலேறியதும் அந்த நாற்காலிக்குத் தாணுலிங்கம் வந்தார். வந்த அன்றே பாய்லரைப் பற்றவைக்கச் சொன்னார். துரைமார் காலத்து வசதி நம்மவர் காலத்தில் நின்றுபோயிற்று என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். மறு வருஷம் மே மாதத்திலும் அவர் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் ரேடியேட்டரும் மறுபக்கம் மின்விசிறியுமாக உட்கார்ந்து தேசத்தின் கௌரவத்தைக் காப்பாற்றிவந்தார்.

ஆனால் பாய்லரின் பிரஷர் நிற்கவில்லை. காலையில் ஏரல் பக்கமிருந்து வண்டியில் வரும் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, பிரஷர் காட்டும் முள்ளை உரிய இடத்தில் நிறுத்துவார்கள். சாயங்காலத்துக்குள் முள் படுத்துவிடும். உப்புத் தண்ணீர் இரும்பை அரிக்கும் என்பதால் பாய்லருக்கு ஆற்றுத் தண்ணீர் என்று விதி இருந்தது. மனிதர்களைப் பற்றி அந்த விதி ஒன்றும் சொல்லவில்லை. பங்களாவை ஒட்டிய துறைமுகக் குடியிருப்பில் இருந்த குமாஸ்தா குடும்பங்களுக்குக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று அவர்கள் வருஷந்தோறும் மனுப் போட, பரிசீலனையில் இருக்கிறது என்று வருஷந்தோறும் பதில் வந்தது.

பிரஷர் எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஓவர்சியர் தேவபிரசாதத்தின் தலையில் விழுந்தது. நாசரேத்துக்காரர், பல வருஷமாகத் தற்காலிக ஊழியர்.

"மெட்ராஸ்லேருந்து பெரிய இன்ஜினீயர் வாரார் வே," என்றார் தாணுலிங்கம், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "அதுக்குள்ள கண்டுபிடிச்சா உம்ம வேலை நிரந்தரம். இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு நாசரேத்தைப் பாத்துப் போய்ச் சேரும்."

தேவபிரசாதம் குழாய்களில் மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. தரையில் படுத்துக் கையால் துழாவினார். ஈரமெல்லாம் அவர் சட்டையில்தான் இருந்தது. ஒழுகினால் எங்கேயாவது நனைய வேண்டுமே என்று மனிதர் குழம்பிப்போனார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் பருப்பைப் பிசையப் போனார். பிசைய வேலையே இல்லை, அது வெண்ணெயாகக் குழைந்து கிடந்தது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. இத்தனை வருஷமாக அவர் வீட்டுப் பருப்பு நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும். கொஞ்ச நாளாகவே குழைந்துதான் வந்தது. வேலைக் கவலையில் அவர்தான் கவனிக்கவில்லை.

"ஞானபாய், இது எந்தத் தண்ணியில வெந்தது?"

"வெந்தாக் குத்தமா?" என்று அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேசாமச் சாப்பிடுங்க."

கை கழுவியும் கழுவாமலும் பங்களாவுக்கு ஓடினார். சமையற்காரி ஜீவமணி ரேடியேட்டரின் சின்னத் திருகைத் திறந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கொல்லை வாசலில் குடியிருப்புப் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு நின்றார்கள்.

"என்னம்மா இது?"

"பெட்டியில காத்து அடைக்கும், அப்பப்பத் திறந்து விடணும்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?"

"காத்தைத்தான விடச் சொன்னேன்."

"காத்து மொத நாளே போயிட்டு. பொறவு தண்ணிதான் வருது. நல்ல தண்ணியைத் தரையிலயா ஊத்தச் சொல்லுதிய? மொதக் குடம் உங்க வீட்டுக்குத்தான் அனுப்புதேன்."

உண்மையைச் சொன்னால் தெருவே தாகத்தில் கிடக்கும். திருட்டுப் பட்டம் முதலில் ஞானபாய்க்கு. சொல்லாவிட்டால் வேலை போகும். அன்றையப் பிரஷரில் ஒரு பங்கு அவர் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. தேவபிரசாதத்துக்கு அழுகை வந்தது.

இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். "காரணம் கண்டாயிற்றா?"

"கண்டாச்சு சார். குளிருதான்." தேவபிரசாதம் வாயில் வந்ததைச் சொன்னார். "சுத்தி இருக்க வீடெல்லாம் சூடில்லாமக் கிடக்கு. பங்களாச் சூட்டை அதெல்லாம் இழுக்குது. முள்ளு எப்படி நிக்கும்?"

இன்ஜினீயர் கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு யோசித்தார். நியாயமாகவே பட்டது. "இங்கே குளிர் அவ்வளவு கடுமையா?"

தாணுலிங்கம் கம்பளிக் கோட்டின் மேல் பித்தானையும் போட்டுக்கொண்டார். "தாங்கல சார்."

குளிர்கிற வீட்டுக்கு ரேடியேட்டர் வரும், ரேடியேட்டருக்குள் ஆற்றுத் தண்ணீர் வரும் என்ற சேதி பொழுது சாய்வதற்குள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் குமாஸ்தாக்கள் கழுத்தில் மப்ளரோடு ஆபீசுக்கு வந்தார்கள். பிள்ளைகள் கம்பளிக் குல்லாவோடு பள்ளிக்கூடம் போனார்கள். குளிரவில்லை என்று சொல்வது கௌரவக் குறைச்சலாகிவிட்டதால் கடைத்தெரு வியாபாரிகளும் மப்ளர் சுற்றிக்கொண்டார்கள். 'குளிர் தாங்க முடியவில்லை' என்ற மனுவில் எல்லாரும் நடுங்கி நடுங்கிக் கையெழுத்திட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீர் மனு தூங்கிய அதே மேஜையில் இந்த மனு ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. குடியிருப்பு முழுவதற்கும் கணப்பு வழங்க அனுமதி வந்தது. தேவபிரசாதம் 'குளிர் தடுப்பு ஓவர்சியர்' என்று நிரந்தரமானார்.

சரக்கு ரயிலில் பெட்டிகள் வந்து இறங்கின. பெண்கள் குடத்தைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்கள். திறந்தால், உள்ளே நிலக்கரி அடுப்புகள். குழாயும் இல்லை, திருகும் இல்லை. கூடவே வந்த உத்தரவைத் தேவபிரசாதம் உரக்கப் படித்தார்:

'தண்ணீர் இருந்தால்தானே பிரஷர் குறையும் என்று துறை ஆழ்ந்து ஆராய்ந்து முடிவு செய்துள்ளது. ஆகவே தண்ணீரே தேவைப்படாத கணப்புகள் அனுப்பப்படுகின்றன. பங்களாவின் பாய்லரையும் கழற்றிவிடவும். ஆற்றுத் தண்ணீர் வண்டி இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது. எந்த வீட்டிலும் பகலில் கணப்பு அணையாமல் ஓவர்சியர் பார்த்துக்கொள்ள வேண்டியது.'

அன்றிலிருந்து தேவபிரசாதமும் கம்பளிக் கோட்டோடு வீடு வீடாகப் போய் நெருப்பைச் சோதித்தார். ஒரு நாள் கடைசியாகத் தம் வீட்டுக்கு வந்தார். சர்க்கார் கணப்பின் மேல் ஞானபாய் பருப்பை ஏற்றியிருந்தாள். உப்புத் தண்ணீரில் அது காலையிலிருந்து வேகாமல் கிடந்தது.

"எங்களுக்குக் குளிரலைன்னு ஒரு மனு எழுதிப் போடுங்களேன்," என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"எவன் கையெழுத்துப் போடுவான்? குளிருதுன்னு போட்டவங்கதான எல்லாரும்," என்று சொல்லிவிட்டு, தேவபிரசாதம் இன்னும் இரண்டு கரித்துண்டுகளை எடுத்து அடுப்பில் போட்டார்.