எங்கட ஆக்கள் இருக்கிற ஐரோப்பா

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் அடுக்குமாடிகளில் ஓர் இனம் வசிக்கிறது. பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும்போது அது வெளியே வரும். லிஃப்டுக்குள் உங்களைக் கண்டதும், "லீவுக்கு எங்கயாம்?" என்று கேட்கும். நீங்கள் வாய் திறக்க முதல் பதிலையும் அதுவே சொல்லும்: "நாங்கள் இந்தமுறை ஐரோப்பா. ஆறு கிழமை, ஒண்டரை மாசம். பிள்ளையளுக்கு உலகத்தைக் காட்ட வேணுமெல்லோ!" பயணத்திட்டம் போடும் தகப்பன் என்பது இந்த இனத்தின் பெயர்.

நல்ல மாதிரி வேண்டுமானால் நான்காம் மாடி ஸ்ரீஸ்கந்தராசாவைப் பாருங்கள். பாலம் கட்டும் பொறியியலாளர். பொங்கல் முடிந்த கையோடு கணினியில் வண்ண வண்ணமாய் ஓர் அட்டவணையைத் திறந்தார். மனைவி சுபோதினிக்குக் காட்டினார், அலுவலகத்தில் காட்டினார், பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் வாய்க்குள் பஞ்சோடு வைத்தியருக்கும் காட்டினார். சுபோதினி "ம்" என்றார். பதின்மூன்று வருட மணவாழ்வில் திட்டங்களுக்கு அவர் சொல்லும் ஒரே சொல் அது.

அட்டவணையை உற்றுப் பார்த்தால் ஒன்று விளங்கும். அவருடைய ஐரோப்பாவில் நாடுகளே இல்லை. மச்சாள்மார்தான் இருக்கிறார்கள். லண்டன் என்றால் மூத்த மச்சாள். பாரிஸ் என்றால் சித்தப்பாவின் மகன். ஜேர்மனியில் பெரியம்மா குடும்பம். ஒஸ்லோவில் கூடப்படித்தவனின் தம்பி, அவனை விட்டாலும் மனத்தாங்கல். ஒரு வீட்டில் ஓர் இரவு கூடுதலாக நின்றால் மற்ற வீடு முகத்தைத் தூக்கும். ஆகவே எல்லா வீட்டிலும் சம இரவு. ஈபெல் கோபுரம்? கார்க் கண்ணாடியால் தெரியும். பெட்டிகளில் பிள்ளைகளின் உடுப்புக்கு இடமில்லை, மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல்மாவும் பருத்தித்துறை வடையும் ஏறிவிட்டன. பாரிசில் தமிழ்க்கடை இல்லையா என்ன?

"அது வேற. இது எங்கட கையால இடிச்ச தூள்."

இடித்தது இராமலெட்சுமி. மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஒன்பது வருடமாய் அந்த வீட்டில் சமைப்பவர். ஊரில் அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கும் அதே விடுமுறை.

"நீங்க எல்லாரும் போற நேரம் நானும் ஊருக்குப் போய்ட்டு வரட்டுங்களா ஐயா?"

"நல்ல கதை! பின்னேரம் லைற் போட ஆர் நிக்கிறது? கறிவேப்பிலைக்குத் தண்ணி? பூட்டின வீடெண்டு கள்ளனுக்குத் தெரியக்கூடாது."

தன் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டப் புறப்பட்டவர், இன்னொருத்தியின் பிள்ளைகளுக்குத் தாயைக் காட்ட மறுத்தார். நல்ல மனிதர்தான். கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார்.

மகள் ஹம்சிகா, வயது பதினொன்று, கேட்டது ஒன்றே ஒன்று: மேகத்துக்குள் ஏறும் மலை றெயின். சுவிசில் அதற்கு ஒரு நாள் ஒதுக்கியும் இருந்தது. அந்த நாளில் சூரிச் மாமாவின் மகள் பூப்பெய்திய சாமத்தியச் சடங்கு வந்தது, அட்டவணையில் மலை அழிக்கப்பட்டது.

"ஒரு நாள்தானே அப்பா?"

"மாமா என்ன நினைப்பார்? மலை எங்கயும் ஓடாது பிள்ளை."

பிறகுதான் பெரிய சிக்கல். விமானம் பறக்கும் நாள் அட்டமி! பாலத்துக்குக் கணக்குப் பார்க்கிறவர் பயணத்துக்குச் சாத்திரியாரைப் பார்த்தார். அட்டமியிலும் நவமியிலும் ஆயிரம் ஆயிரம் விமானங்கள் ஏறி இறங்குவது சாத்திரியாருக்குத் தெரியாது. பொறியியலாளருக்குத் தெரியும், ஆனால் கேட்கத் துணிவில்லை. பரிகாரம் சுலபம்: நல்ல நாளில் ஒரு பையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆள் புறப்பட்ட மாதிரித்தான். போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பை? ஸ்ரீஸ்கந்தராசா விஞ்ஞானபூர்வமாக யோசித்தார். உடுப்பா பயணம் போகிறது? கடவுச்சீட்டல்லவா போகிறது! நான்கு கடவுச்சீட்டையும் சிவப்புக் கைப்பைக்குள் வைத்து, கொட்டாஞ்சேனையில் இருக்கும் இரத்தினம்மா மாமி வீட்டில் சுபநேரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

பயண நாள் வந்தது. வான் நிறையப் பெட்டி. கட்டுநாயக்க வழியில் கொட்டாஞ்சேனை. மாமி வீட்டுக் கதவில் ஆமைப்பூட்டு. கைப்பேசியில் மாமியைப் பிடித்தார்.

"மாமி, எங்க நிக்கிறியள்?"

"யாழ்ப்பாணத்தில, நல்லூரில தம்பி! கந்தசாமி கோயில் திருவிழாவெல்லே. சத்தம் கேக்கேல்லையே?"

"எங்கட பை?"

"என்னோடதான் இருக்கு. பாஸ்போட் கிடக்கிற பையை ஆளில்லாத வீட்டில விடலாமோ? நான் என்ன விசரியே?"

சாத்திரியாரைக் குறை சொல்லக்கூடாது. பை உண்மையிலேயே பயணம் போய்விட்டது. அன்று பின்னேர விமானம் நான்கு இருக்கைகளை வெறுமையாய்ச் சுமந்துகொண்டு, அட்டமி என்றும் பாராமல், பத்திரமாகப் பறந்தது.

வீடு திரும்பியதும் பெட்டிகள் மேல் பிள்ளைகள் குந்தினார்கள். இராமலெட்சுமி தேநீர் கொண்டுவந்தார். ஹம்சிகாதான் வாய் திறந்தாள்.

"அப்பா, மலை றெயின் அட்டனுக்கும் போகுதெல்லோ? அங்க போவமே?"

"அங்கயோ? அங்க எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே!"

தேநீர்த் தட்டு அவருடைய மூக்குக்கு நேரே நின்றது. பிடித்திருந்த கைகளை அவர் பார்க்கவில்லை. ஹம்சிகா பார்த்தாள்.

"அப்ப இராமலெட்சுமி அக்கா ஆருடைய ஆக்கள்?"

ஸ்ரீஸ்கந்தராசா கோப்பையை எடுத்துத் தேநீரை ஊதினார். அது ஆறிய பிறகும் ஊதினார்.

இராமலெட்சுமி தட்டை மேசையில் வைத்தார். "அதான் நீங்க எல்லாரும் வந்துட்டீங்களே ஐயா. இனிக் காவலுக்கு நான் எதுக்கு? நாளைக்குக் காலம்பற ரயில்ல போறேன்."

"நானும் வரட்டோ அக்கா?" என்றாள் ஹம்சிகா.

"வாங்க பாப்பா. வீடு சின்னது. ஆனா மேகம் வாசலுக்கே வரும்."

அப்போது சுபோதினி "ம்" சொல்லவில்லை. எழுந்துபோய், ஒரு பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளின் குளிர்ச்சட்டையை உள்ளே வைத்தார்.

"சுபோ, நான்?"

"மாமி பையோட வரேக்க ஆரும் நிக்க வேணுமெல்லோ. பின்னேரத்தில லைற்றைப் போடுங்கோ. கறிவேப்பிலைக்கும் தண்ணி ஊத்துங்கோ. கள்ளனுக்குத் தெரியக்கூடாது."

மறுநாள் மாலை நான்காம் மாடியில் விளக்கு நேரத்துக்கு எரிந்தது. கீழே நின்று கைமணிக்கூட்டையும் மேலே ஐரோப்பாக்காரரின் யன்னலையும் மாறிமாறிப் பார்த்து அடுக்குமாடியே சிரித்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அப்படியே கைப்பேசியில் போன விடுமுறைப் படங்களையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் தெரிவது பாரிஸ்தானா, மச்சாள் வீட்டுச் சோபாவா? போகட்டும். நீங்கள் இல்லாத அந்த நாளெல்லாம் உங்கள் வீட்டில் விளக்குப் போட்டது யார்?